நாலு பேர் படுக்கலாம்

இரண்டாம் குறுக்குத் தெருவில்
குடைகளுக்கும் பள்ளிப் பைகளுக்கும் மேலே
கொக்கியில் தொங்கியது
சுருட்டி வைத்த ஒரு வீடு.
மூன்று கிலோ எண்ணூறு கிராம்.

"பன்னிரண்டாயிரம்" என்றார் மஃபாஸ் நானா.
"நாலு பேர் தாராளமாப் படுக்கலாம்."

நெதுமி என் காதுக்குள் சொன்னாள்:
நாலென்றால் மூன்று.
மூன்றென்றால் இரண்டு.
இரண்டென்றால் நீயும் உன் பையும்.
ரிவர்ஸ்டனில் ஒருமுறை
கால்களை வெளியே விட்டுத் தூங்கியவள் அவள்.

மாதக் கடைசி.
மூன்று பேருடைய கையிருப்பு பத்தாயிரத்து முந்நூறு,
காஸ் சிலிண்டருக்கு ஒதுக்கியதையும் சேர்த்து.
ஜெனிற்றா தன் மாமாவின் ஆல்டோவைக் கொண்டுவருவாள்.
"கார்தானே சுமக்கப்போகுது, பாரம் பார்க்காதே" என்றாள்.
கார் நிற்கும் இடத்திலிருந்து அருவிவரை
யார் சுமப்பதென்று
அவள் சொல்லவில்லை.

அலுமினியக் கம்பி போட்டதும் ஒன்றிருந்தது.
விலையைக் கேட்டோம்.
நானாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

நான் கூரையைப் பார்க்கவில்லை.
குனிந்து தரையைப் பார்த்தேன்,
தரைத் துணி சுவரில் எத்தனை விரல் ஏறுகிறதென்று.
மழை மேலிருந்துதான் வரும் என்பவர்கள்
டென்டில் இருந்ததில்லை.
தையலை நகத்தால் கீறினேன்.
ஜன்னல் எதிரும் புதிருமாக இருக்கிறதா,
மூச்சு போய்வர வழி உண்டா?
"தங்கச்சிக்கு நல்ல அனுபவம் போல" என்றார் நானா.

"வெள்ளை எடுங்க. ஆயிரம் குறைச்சுத் தாறன்."
வேண்டாம்.
"வெயிலுக்கு நல்லம்."
வேண்டாம் என்றேன்,
கொஞ்சம் சத்தமாக.

எனக்குப் பன்னிரண்டு வயதில்
வெள்ளைக் கூடாரத்துக்கு விலை இல்லை.
இலக்கம் இருந்தது.
ஏழு பேர் படுத்தோம், அதுவும் நாலு பேருக்கானதுதான்.
யாரும் எங்களிடம் நிறம் கேட்கவில்லை.
இந்த இருவருக்கும் அதை நான் சொன்னதில்லை.
பேரம் பேசும் கடையில்
சொல்லுகிற கதையுமல்ல.

கடைசியில் ஆரஞ்சு.
கண்ணைக் குத்தும், காட்டில் ஒளியத் தெரியாத ஆரஞ்சு.
ஒன்பதாயிரத்து எழுநூற்றைம்பது.
ஒரு முளைக்கம்பி குறைந்தது.
பதிலுக்கு ஒரு டோர்ச் தந்தார்,
பற்றரி இல்லாமல்.

வெள்ளவத்தையில்
மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தோம்.
வீட்டுக்காரர் பஞ்சலிங்கம் ஏறி வந்து
"என்ன பிள்ளைகள், குடியெழும்பப் போறீங்களோ?" என்றார்.
கொங்கிரீட்டில் முளை இறங்காது.
ஒரு மூலையைத் தண்ணீர்த் தாங்கியின் காலில் கட்டினோம்.
ஒரு மூலையை வெற்று காஸ் சிலிண்டரில்.
இரவுச் சாப்பாடு கொத்துரொட்டி,
வேறு வழி?

நெதுமி குழாயைப் பிடித்து மழை பெய்தாள்.
நான் உள்ளே மல்லாந்து கிடந்தேன்.
தலைமாட்டில் இரண்டு சொட்டு,
கதவோரத்தில் ஒன்று.
அவ்வளவுதான்.
மெழுகுதிரியைத் தேய்த்தால் அடைபடும்.
அந்த விலைக்கு
மூன்று சொட்டு நியாயம் என்று
வெளியே கத்தினேன். ஜெனிற்றா கைதட்டினாள்.

போயாவுக்கு இன்னும் ஒன்பது நாள்.
கழற்ற மனமில்லாமல் அங்கேயே படுத்தோம்.
மூன்று பேர், சரியாக மூன்று,
யாருடைய முழங்கையோ என் விலாவில்.
கடற்கரையோரம் கடைசி ரயில் போனபோது
துணி முழுக்க அதிர்ந்தது.

நடுச்சாமத்தில் ஸிப்பைத் திறந்தேன்.
தாங்கி, உடுப்புக் கொடி, வானம்.
மூடினேன்.
பிறகு மறுபடி திறந்தேன்.

"என்னடி, ஒண்ணுக்கா?" என்றாள் ஜெனிற்றா தூக்கத்தில்.

இல்லை.
ஸிப் உள்பக்கமிருந்தும் நல்லாய் ஓடுதா என்று
பார்க்கிறேன்.